பிரேக்கில் யாருடைய கால்?

அத்தியாயம் 9

மலை இறங்கும்போது ஆக்சிலேட்டரை மிதிக்க வேண்டியிருக்கிறதே என்று பிரபாவதி திடுக்கிட்டது அறுபத்து மூன்றாவது வளைவில்.

இரண்டாவது கியர். சாலை சரிந்து கீழே போகிறது. வண்டி தானாக ஓடியிருக்க வேண்டும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல நின்றுவிடப் பார்த்தது.

“மேடம், கொல்லிமலை ஏறுறதுக்குப் பெட்ரோல் செலவு பண்றவங்களைப் பாத்திருக்கேன். இறங்குறதுக்கும் செலவு பண்ற முதல் ஆள் நீங்கதான்” என்றான் பக்கத்து சீட்டிலிருந்த பூபதி.

பூபதி அவளுடைய உதவியாளன். சேலத்தில் மினி பஸ் கண்டக்டராக இருந்து, வாயாலேயே அந்த வேலையைத் தொலைத்தவன். பிரபாவதி பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக விபத்தில் சிக்கிய வண்டிகளைப் புரட்டிப் பார்த்தவள். மூன்று வருடமாகச் சொந்தமாகத் துப்பறிகிறாள்.

பிரபாவதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று நாற்பது.

பின் சீட்டில் சென்னம்மாள் கதவுக் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஐம்பது வயது. மலைமேலிருக்கும் தேவனூர் நாட்டு ஊர்களிலிருந்து பலாவும் வாழையும் ஏற்றிக்கொண்டு தன் மினி லாரியைத் தானே ஓட்டிக் கீழே போகிறவள். இந்த எழுபது வளைவும் அவளுக்கு வீட்டுப் படிக்கட்டு மாதிரி. இன்றைக்கு மட்டும் முகம் வெளிறிப்போய் இருந்தது.

பிற்பகல் இரண்டரை மணிக்கு அவள் நாமக்கல் கோர்ட்டில் கூண்டேற வேண்டும்.

போன ஐப்பசியில் மலைமேல் சாமியப்பன் என்ற மிளகு வியாபாரியின் கிடங்கு பட்டப்பகல் ஒன்றரை மணிக்கு எரிந்தது. தீ வைத்ததாகக் கைதானவன் அர்த்தனாரி என்ற ஜீப் டிரைவர். எட்டு மாதமாக ஜெயிலில் இருக்கிறான். ஆயுள் தண்டனை வரைக்கும் போகக்கூடிய வழக்கு. அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்று போலீஸ் கேட்டபோது, “சவாரி போயிருந்தேன்” என்பதற்கு மேல் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. யாருக்கு சவாரி, எந்த ஊருக்கு என்று சொந்த வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. மூன்று மாதம் அலைந்து பிரபாவதி கண்டுபிடித்த ஒரே சாட்சி சென்னம்மாள். அந்த ஒன்றரை மணிக்கு மலையடிவாரத்தில், காரவள்ளியில் அர்த்தனாரியைத் தன் கண்ணால் பார்த்ததாகச் சொன்னவள்.

இரண்டு முறை வாய்தா வாங்கியாகிவிட்டது. இன்றும் சாட்சி வரவில்லை என்றால் விசாரணையை முடித்துவிடுவதாக நீதிபதி சொல்லிவிட்டார்.

அறுபதாவது வளைவில் கருகல் நாற்றம் வந்தது.

“யாரோ காட்டுல ரப்பர் எரிக்கிறாங்க” என்று பூபதி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தான். பார்த்த வேகத்தில் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். “எரிக்கிறது நாமதான் மேடம். முன் சக்கரம் புகையுது.”

பிரபாவதி பிரேக் பெடலை மெல்லத் தொட்டாள். கல் மாதிரி இருந்தது. ஐம்பத்தேழாவது வளைவில் சாலை கொஞ்சம் அகலமாக, ஏறக்குறைய மட்டமாக இருந்தது. அங்கே ஓரம் கட்டுவதற்குள் வண்டி தானாகவே முனகிக்கொண்டு நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை அழுத்தினாள். எஞ்சின் கத்தியது. வண்டி அசையவில்லை.

அவள் இறங்குவதற்கு முன்பே சென்னம்மாள் இறங்கி, ஒரு கல்லைத் தேடி எடுத்துச் சக்கரத்துக்கு அடியில் வைத்துவிட்டாள்.

பூபதி பாறையில் வழிந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

“ஊத்தாதே!” என்று பிரபாவதி கத்தினாள். “பழுக்கக் காய்ஞ்ச இரும்புல பச்சத்தண்ணி பட்டா கோணிக்கும், இல்லேன்னா விரிசல் விட்டுடும். அப்புறம் வண்டியை விட்டுட்டு நடந்துதான் போகணும்.”

“அப்ப என்ன பண்றது?”

“ஆறட்டும். ஆறுற நேரத்துல கண்டுபிடிக்கணும்.”

“எதை?”

“இது தானா நடந்ததா, யாராவது நடத்தினதா.”

பூபதி போனை வானத்தை நோக்கி நீட்டிப் பார்த்தான். ஒரு கோடுகூட இல்லை. கீழே போகும் ஒரு லாரியை நிறுத்தக் கையை ஆட்டினான். வளைவில் நிறுத்த முடியாது என்று டிரைவர் கையை விரித்துவிட்டுப் போனார்.

“அடுத்த பஸ் எப்பங்க?” என்று சென்னம்மாளைக் கேட்டான்.

“மேல செம்மேட்டுல ஒரு மணிக்குத்தானுங்க எடுப்பான். நாமக்கல் போய்ச் சேர மூணேகால் ஆயிருமுங்க.” சொல்லிவிட்டு அவள் தடுப்புச் சுவரில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடுகள் அசைந்தன.

பிரபாவதி ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகில் புறங்கையை நீட்டிப் பார்த்தாள். முன்னால் இரண்டும் அடுப்பு போல இருந்தன. பின்னால் இரண்டும் கொதித்தன.

“ஒரு சக்கரம் மட்டும் சுட்டிருந்தா அந்தச் சக்கரத்துல கோளாறு. துரு, அழுக்கு, ஏதாவது ஒண்ணு. நாலும் ஒரே நேரத்துல துருப்பிடிக்காது பூபதி. நாலு பேரும் ஒரே பொய்யைச் சொன்னா, சொல்லிக்கொடுத்தவன் ஒருத்தன் இருக்கான்.”

“ஹேண்ட் பிரேக்கை எடுக்க மறந்துட்டீங்களோ?”

“அது பின் சக்கரத்தைத்தான் பிடிக்கும். முன் சக்கரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. ஜாக்கியை எடு.”

முன்பக்கம் வலது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினார்கள். பூபதி இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்துத் திருகினான். சூடு தாங்காமல் உதறினான். சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு மறுபடி திருகினான். சக்கரம் இம்மியும் நகரவில்லை.

சக்கரத்துக்கு உள்பக்கம், பிரேக்கிலிருந்து காற்றை வெளியேற்றுவதற்கென்று ஒரு சின்ன நிப்பிள் உண்டு. பிரபாவதி ஸ்பேனரை மாட்டிக் கால் சுற்று திருப்பினாள். பிரேக் ஆயில் சீறிக்கொண்டு வந்தது. சீறல் அடங்கிய கணத்தில் மூடிவிட்டாள்.

“இப்ப சுத்து.”

சக்கரம் லேசாகச் சுற்றியது.

பூபதி வாயைப் பிளந்தான். “பேய் ஓட்டிட்டீங்களா?”

“காலை எடுத்ததும் ஆயில் திரும்பிப் போகணும். அப்பத்தான் பிரேக் விடும். போக வழியில்லாம அழுத்தத்தோட உள்ளேயே மாட்டிக்கிட்டிருந்தது. சூடாக ஆக ஆயில் விரியும். விரிய விரிய இன்னும் இறுக்கும். வழியை யாரோ மேலே அடைச்சிருக்காங்க.” நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். “இன்னும் நாலு வளைவு இறங்கியிருந்தா அந்த ஆயில் கொதிச்சிருக்கும். கொதிச்சா பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.”

பூபதி பள்ளத்தைப் பார்த்தான். அடியில் எங்கேயோ ஒரு வீட்டின் தகரக் கூரை காசு அளவுக்கு மின்னியது. அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

பிரபாவதி டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்து, பிரேக் பெடலை ஒரு விரலால் அழுத்தினாள். எந்தக் காரிலும் பெடல் முதலில் கொஞ்சம் சும்மா ஆடும். அதற்கு அப்புறம்தான் பிடிக்கும். இதில் அந்தச் சும்மா ஆட்டமே இல்லை. பக்கத்திலிருந்த கிளச் பெடலைவிட இது ஒரு விரற்கடை கீழே நின்றது.

“மணி?”

“பன்னெண்டு அஞ்சு.”

முதுகைத் தரையில் போட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, போன் வெளிச்சத்தில் மேலே பார்த்தாள். பெடலின் தண்டுக்கு எதிரே, கட்டைவிரல் பருமனில் ஒரு சுவிட்ச் இருந்தது. பெடலை மிதித்ததும் பின்னால் சிவப்பு விளக்கை எரியவைக்கும் சுவிட்ச். பெடல் மேலே வந்து முட்டி நிற்பதும் அதில்தான். அதை ஒரு நட்டு போட்டு இறுக்கியிருப்பார்கள். இப்போது அந்தச் சுவிட்ச் இரண்டு மூன்று சுற்று அதிகமாகத் திருகப்பட்டு, நீட்டிக்கொண்டு, பெடலை முழுதாக மேலே வரவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. திருகுப் பள்ளங்களில் பழைய தூசி ஓரிடத்தில் கோடு போட்டதுபோல முடிந்து, அதற்கு மேல் புது இரும்பு பளபளத்தது.

“பூபதி, யாரோ நம்ம பிரேக் மேல கால வெச்சுட்டு, காலை மட்டும் இங்கே விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“யாருன்னு நான் சொல்றேன்.” பூபதி சட்டையை உதறி மாட்டிக்கொண்டான். “செம்மேட்டு தனபால். காலையில பஞ்சர் ஒட்டக் கொடுத்தோமே, அரைமணி நேரம் சாவி அவன்கிட்டதான் இருந்தது. அப்பவே நினைச்சேன், பஞ்சர் ஒட்டுறவன் எதுக்கு அவ்வளவு மரியாதையா டீ வாங்கித் தர்றான்னு. சாமியப்பன் ஆளுதான். நம்மைக் கொல்லப் பாத்திருக்கான்.”

நட்டைத் தளர்த்த ஸ்பேனரை வைத்த பிரபாவதி கையை இழுத்துக்கொண்டாள். விரல் நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டின. முகர்ந்து பார்த்தாள்.

பிறகு சுவிட்சை வெளிப்பக்கமாகத் திருப்பினாள். ஒரு சுற்று. இரண்டு. இரண்டே முக்கால். பெடல் துள்ளி மேலே வந்து கிளச்சுக்குச் சமமாக நின்றது. நட்டை இறுக்கினாள். மற்ற மூன்று சக்கரத்தையும் ஒவ்வொன்றாகத் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். எல்லாம் விட்டிருந்தன. டிக்கியில் எப்போதும் வைத்திருக்கும் பிரேக் ஆயில் டப்பாவை எடுத்து, சீறிப்போன அளவுக்கு ஊற்றினாள்.

“இன்னும் இருபது நிமிஷம் ஆறணும்” என்றாள். “நீ சொன்னதுல மூணு தப்பு இருக்கு.”

“மூணுதானா? இன்னிக்கு நல்ல நாள்.”

“கொல்ல நினைக்கிறவன் பிரேக்கை இல்லாமப் பண்ணுவான். இவங்க பிரேக்கை அதிகமாக்கியிருக்காங்க. நம்ம வண்டி விழணும்னு ஆசைப்படல, நிக்கணும்னு ஆசைப்பட்டிருக்காங்க. அது ஒண்ணு.”

“ரெண்டு?”

“தனபால் கை வெச்ச பிறகுதான் செம்மேட்டுலருந்து சென்னம்மாள் வீடு வரைக்கும் போனோம். வாசல்ல நியூட்ரல்ல நிறுத்தினேன். வண்டி பின்னால உருண்டுச்சு. நீதானே ஓடிப்போய்க் கல்லு வெச்சே? கிளம்புறப்ப அந்தக் கல்லை எடுத்தோம். அதே சரிவுல வண்டி நகரவே இல்ல. நான் அதை அப்பவே கவனிச்சிருக்கணும். கோர்ட்டு நெனப்புல கோட்டை விட்டேன்.”

பூபதியின் முகம் மாறியது. அவன் குரலைத் தாழ்த்தினான். “அப்ப அந்த வாசல்லயா நடந்துச்சு? நீங்க வக்கீலுக்குப் போன் பண்ண மேட்டு மேல ஏறினீங்க. நான் உள்ளே பலாச்சுளை சாப்பிட்டுக்கிட்டிருந்தேன்.”

பிரபாவதி தன் வலது கையை நீட்டினாள். விரல்களில் பழுப்பாகப் பிசின் ஒட்டி, அதில் கரி படிந்திருந்தது. “மூணாவது இது. அந்த நட்டுல இருந்தது. பலாப் பிசின். எண்ணெய் போட்டுத் தேய்ச்சாத்தான் போகும். சோப்புக்கெல்லாம் மசியாது.”

“நான்தான் சாப்பிட்டேன்...”

“நீ சுளையைத்தான் சாப்பிட்டே. பழத்தை அறுத்தது நீ இல்ல.”

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

சென்னம்மாள் கண்ணைத் திறந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். எழுந்து நின்றாள்.

“நாந்தானுங்க” என்றாள்.

சாலையில் ஒரு பைக் ஏறிப்போனது.

“சத்தியமா உங்களைக் கொல்லோணும்னு பண்ணலீங்க அம்மிணி. எம்பட வண்டில ஒருக்கா மெக்கானிக்கு அந்தச் சுச்சைத் தப்பா மாட்டிப்போட்டான். ரெண்டு மைல் போச்சு, நின்னுபோச்சு. அவ்வளவுதானுங்க. இதுவும் செம்மேட்டுக்கிட்டயே நின்னுரும்னு நெனச்சேன். நிக்கலீங்க. இறக்கத்துல விட்டுட்டீங்க. டீ குடிச்சுட்டுப் போலாம்னு மூணு தடவை கேட்டனே, நீங்க நிறுத்துலீங்களே... பொக வந்தப்ப எம்பட உசிரே என்கிட்ட இல்லீங்க.”

பூபதி வெடித்தான். “வர இஷ்டமில்லேன்னா வரமாட்டேன்னு வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே? அங்கே ஒருத்தன் எட்டு மாசமா களி திங்கிறான். நீங்க வருவீங்கன்னு நம்பி அவன் அக்கா கோர்ட்டு வாசல்ல உக்காந்திருக்கு!”

“அந்த அக்காளுக்கோசரந்தாங்க சொல்ல முடியல. வந்து எங்கால்ல உளுந்துச்சு. எப்படீங்க மாட்டேன்னு சொல்லுவேன்?” அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். “வாரேன்னு சொன்னேன். ராத்திரியெல்லாம் கண்ணு மூடலீங்க. கூண்டுல ஏறுனா கேப்பாங்களே... அன்னிக்கு நீ எதுக்குக் காரவள்ளி போனே? ஜீப்புல வேற யாரு இருந்தா? கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுன மாதிரிதானுங்களே அது. பொய் சொல்ல முடியுமா? நெசத்தையுஞ் சொல்ல முடியாதுங்களே!”

பிரபாவதி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மணி பன்னிரண்டு இருபது. அவசரப்படுத்தினால் இவள் வாயை மூடிக்கொண்டுவிடுவாள் என்று தோன்றியது.

“காரவள்ளியில அவரைப் பார்த்தேன்னு சொன்னீங்க. நீங்க பாக்கல. நீங்களே அந்த ஜீப்புலதான் இருந்தீங்க. இல்லையா?”

சென்னம்மாள் தலையை அசைத்தாள்.

“இன்னொருத்தரும் இருந்தாங்க.”

“ஒரு புள்ளைங்க.” “பதினேழு வயசு. பன்னெண்டாவது முடிச்சு நல்ல மார்க்கு. நாப்பது வயசுக்காரனுக்கு ரெண்டாந்தாரமாக் கட்டி வெக்கப் பாத்தாங்க. பத்திரிகை அடிச்சாச்சு, ஊருக்குக் குடுக்கறதுதான் பாக்கி. விடிஞ்சதும் எங்கூட்டுக் கதவை வந்து தட்டுச்சு. காப்பாத்து அத்தைன்னு சொல்லுச்சு. எம்பட வண்டில ஏத்துனா ஊரே பாக்கும். அதான் அர்த்தனாரி ஜீப்பைக் கூப்புட்டேன். தார்ப்பாயைப் போட்டு மூடி, அடிவாரத்துல பஸ் ஏத்தி, கரூர்ல ஒரு ஹாஸ்டல்ல கொண்டுபோய் உட்டோம். அவனும் கூடவே வந்தான். நாங்க பஸ்ஸுல ஏறுனப்ப மணி ஒண்ணரை. அந்த நேரத்துலதானுங்க இங்க கிடங்கு எரிஞ்சுது.”

“அந்தப் பொண்ணு பேரு?”

“இளமதி.”

“யாரோட பொண்ணு?”

சென்னம்மாள் அவளை நேராகப் பார்த்தாள். கண் சிவந்திருந்தது.

“சாமியப்பன் பொண்ணுங்க.”

பூபதி அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டான்.

பிரபாவதிக்கு எட்டு மாத வழக்குக் கட்டும் ஒரே நொடியில் தலைகீழாகத் திரும்பியது. சாமியப்பனின் மகள் திருப்பூரில் பெரியம்மா வீட்டில் இருந்து படிக்கிறாள் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் நம்பினாள். கிடங்கு எரிந்தது மின்கசிவில் என்றுதான் முதல் இரண்டு நாள் போலீஸே பேசியது. மூன்றாம் நாள்தான் சாமியப்பன் அர்த்தனாரியின் பேரை எழுதிக் கொடுத்தார்.

“அந்த ரெண்டு நாளும் அவரு அர்த்தனாரிகிட்டத்தான் கெடந்தாருங்க” என்றாள் சென்னம்மாள். “எம்பொண்ணை எங்க கொண்டுபோய் உட்டேன்னு. அவன் ஜீப்பு மேலதான் அவருக்குச் சந்தேகம். இவன் வாயே தொறக்கல. போலீசுல போய் எம்பொண்ணு ஓடிப்போச்சுன்னு சொல்ல அவரால முடியுங்களா? சொன்னா, பதினேழு வயசுப் புள்ளைக்குக் கல்யாணம் வெச்சதுக்கு அவரைத்தான் புடிப்பாங்க. அதான் இவனைத் தீயில மாட்டிவிட்டாரு. அவருக்குத் தீ வெச்சது யாருன்னு தெரியோணும்னு இல்லீங்க அம்மிணி. பொண்ணு எங்கன்னுதான் தெரியோணும். இன்னிக்குக் கோர்ட்டுல முன் பெஞ்சுல உக்காந்திருப்பாரு. நான் கரூர்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், பொழுது சாயறதுக்குள்ள ஆளுங்க அங்க போய் நிப்பாங்க.”

அவள் இரண்டு கையையும் விரித்தாள். “அவனுக்கு ஜெயிலு. இல்லாட்டி இந்தப் புள்ளைக்கு நரகம். எதை நான் எடுக்கட்டுமுங்க? நான் போய்ச் சேராமயே இருந்துட்டா, ஒரு பாவமும் நான் பண்ணுனதா இருக்காதுன்னு... புத்தி கெட்டுப்போய் நெனச்சுட்டேன்.”

காற்றில் இன்னும் கருகல் நாற்றம் இருந்தது. பிரபாவதி விரலில் ஒட்டியிருந்த பிசினைக் கட்டைவிரலால் உருட்டினாள்.

“இளமதிக்கு இப்ப என்ன வயசு?”

“போன பங்குனியில பதினெட்டு முடிஞ்சுதுங்க. நர்சு படிப்புல சேந்திருக்குது.”

“அர்த்தனாரி ஜெயில்ல இருக்கிறது அவளுக்குத் தெரியுமா?”

சென்னம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “சொல்லலீங்க. சின்னப் புள்ள, பயந்துக்கும்னு...”

“பதினெட்டு முடிஞ்சவ. எங்கே இருக்கணும், யாரோட இருக்கணும்னு அவளேதான் முடிவு பண்ணலாம். இனி அவளை யாரும் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போக முடியாது. போலீஸ் பாதுகாப்புக் கேட்டு வக்கீல் இன்னிக்கே மனுப் போடுவாரு.” பிரபாவதி மெதுவாகச் சொன்னாள். “நீங்க, அர்த்தனாரி, சாமியப்பன், மூணு பேரும் அவளுக்காக முடிவெடுத்தாச்சு. அவகிட்ட யாரும் இன்னும் கேக்கல.”

பூபதி எழுந்தான். “சிக்னல் இல்லையே மேடம்.”

“தேடு.”

அவன் தடுப்புச் சுவர் மேல் ஏறினான். இல்லை. பாறையைப் பிடித்து ஏறினான். இல்லை. வந்த வழியே மேல்நோக்கி ஓடி, வளைவுக்கு அப்பால் மறைந்தான். அங்கிருந்து அவன் கத்தல் கேட்டது. “ரெண்டு கோடு! ஓடியாங்க!”

சென்னம்மாளுக்கு இளமதியின் எண் மனப்பாடம். அழுத்தும்போது விரல் இரண்டு தடவை தவறியது. ஸ்பீக்கரில் மணி ஒலித்தது. ஏழு தடவை. நின்றுவிட்டது.

“கிளாசுல இருக்கும்” என்றாள்.

“மறுபடி போடுங்க.”

நான்காவது மணியில் ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது. “அத்தை? கிளாசுல இருக்கேன்.”

சென்னம்மாள் போனைப் பிரபாவதியிடம் நீட்டினாள். பிரபாவதி தான் யார் என்று சொன்னாள். அதன் பிறகு எதையும் மழுப்பாமல் சொன்னாள். தீ, கைது, எட்டு மாதம், இன்றைய இரண்டரை மணி, முன் பெஞ்சில் உட்காரப்போகிற அப்பா. கடைசியில், வர்றியா என்று கேட்டாள்.

மறுமுனையில் கதவு திறந்து மூடும் சத்தம். வராந்தாவில் நடக்கும் செருப்புச் சத்தம்.

“எட்டு மாசமா?” என்றாள் இளமதி. “எங்கிட்ட யாருமே சொல்லல?”

“கண்ணு, உன்னக் காப்பாத்தத்தான்...” என்று சென்னம்மாள் ஆரம்பித்தாள்.

“அந்த அண்ணன் அன்னிக்கு பஸ் டிக்கெட்டைக்கூட எங்கையில குடுத்து, பத்திரமா வெச்சுக்க சாமின்னு சொன்னாரு. தேதியோட இருக்கு. இன்னும் என் பொட்டிலதான் கெடக்குது.” குரல் உடைந்தது, பிறகு நிமிர்ந்தது. “கரூர்லருந்து நாமக்கல்லுக்கு ஒரு மணி நேரந்தானுங்களே? வாரேன்.”

“பயமா இல்லையா?” என்று கேட்டாள் பிரபாவதி.

“இருக்குதுங்க. வாரேன்.”

போன் வைக்கப்பட்டது. பிரபாவதி அடுத்த நிமிடமே வக்கீலுக்குப் பேசினாள். திரும்பி வண்டிக்கு ஓடி வந்தபோது மணி பன்னிரண்டு நாற்பத்தெட்டு.

சக்கரங்கள் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தன. சென்னம்மாள் வைத்த கல்லை அவளே எடுத்துப் போட்டாள். நியூட்ரலில் வண்டி தானாக ஓரடி உருண்டது. பிரபாவதி பெடலை அழுத்தினாள். நின்றது. காலை எடுத்தாள். உருண்டது. ஐந்து முறை அதையே செய்து பார்த்தாள்.

“இவ்வளவு சூடு பட்ட பிரேக்கை முழுசா நம்பக் கூடாது. முதல் கியரை விட்டு மாத்த மாட்டேன். ஏதாவது தப்பாத் தெரிஞ்சா பாறைப் பக்கமா ஒதுக்கிடுவேன். இறங்கிக்கணும்னா இப்பவே இறங்கிக்கலாம்.”

சென்னம்மாள் முன் கதவைத் திறந்தாள். “தம்பி, நீ பின்னால உக்காரு. வளைவுக்கு வளைவு எங்க காலை வெக்கோணும்னு நான் சொல்றேன் அம்மிணி. உங்களுக்கு வண்டி தெரியும். எனக்கு இந்த ரோடு தெரியும்.”

ஐம்பத்தாறு. ஐம்பத்தைந்து. எஞ்சின் ஓலமிட்டுக்கொண்டே வண்டியைப் பிடித்து வைத்தது. “இப்பத் தொடுங்க... விடுங்க. அடுத்தது நீட்டு எறக்கம், கால வெக்காதீங்க... இப்ப.” நாற்பதாவது வளைவில் பெடல் கொஞ்சம் பஞ்சு போல இறங்கியது. இரண்டு முறை வேகமாக மிதித்தாள். மறுபடி கெட்டியானது. பத்து வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி, பூபதி இறங்கி ஓடிச் சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினான்.

காரவள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டியபோது ஒன்று முப்பத்தைந்து. அதற்கப்புறம் சமவெளி.

நாமக்கல் கோர்ட் வளாகத்தில் அவர்கள் நுழைந்தபோது இரண்டு இருபத்தாறு. டவாலி வராந்தாவில் நின்று வேறு யாருடைய பெயரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே பெஞ்சில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் அர்த்தனாரி உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. சென்னம்மாளைப் பார்த்ததும் வேண்டாம் என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினான்.

எதிர்ப்பக்கம் வெள்ளைச் சட்டையில் சாமியப்பன் நின்றிருந்தார். அவரும் சென்னம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பசித்தவன் இலையைப் பார்ப்பதுபோல.

வாசலில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. நர்ஸிங் மாணவியின் சீருடையோடு, தோளில் பையைப் பிடித்தபடி ஒரு பெண் இறங்கினாள். படியேறி வந்தாள். சாமியப்பனுக்கு முன்னால் வந்தபோது அவள் நடை ஒரு கணம் தடுமாறியது.

“இளா...” என்றார் அவர். ஒரு அடி முன்னால் வைத்தார். வக்கீல் கூட்டி வந்திருந்த பெண் போலீஸ் குறுக்கே வந்து நின்றாள். அவர் கை பாதியில் நின்றது. எட்டு மாதத்தில் மகள் ஒரு விரற்கடை உயர்ந்திருப்பதை அப்போதுதான் கண்டவர்போல அவளையே பார்த்தபடி, சுவரில் சாய்ந்துவிட்டார்.

இளமதி அவரைக் கடந்து பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். அர்த்தனாரி விலங்குக் கையோடு துள்ளி எழுந்தான். அவன் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. கோபம்தான் இருந்தது.

“உன்னய யாரு இங்க வரச் சொன்னது? நான் இத்தனை நாளு வாயை மூடிட்டு இருந்தது எதுக்கு? போ. போயிரு சாமி.”

“யாரும் வரச் சொல்லலீங்கண்ணா” என்றாள் அவள். பையிலிருந்து மடங்கி வெளுத்த ஒரு டிக்கெட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். “வாரியான்னு கேட்டாங்க. வந்தேன்.”

டவாலி சென்னம்மாளின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்.